வெள்ளைக் கேப்பும் எதிர்ப்பல்லும்



ஞாயிறு ஆராதனை முடிந்து ஆலய வாசலில் நின்று கைகுலுக்கும்போது எங்களைப்போன்றவர்களிடம் பலவிதமான கேள்விகள் வரும். சில மாதங்களுக்கு முன் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர், இந்த இதழைப் பல வருஷங்களாக விடாமல் வாசித்து வருபவர், கன்னத்தைக் கையால் பிடித்துக்கொண்டே என்னிடம் வந்தார். "ஐயா, கீழ்க் கடைவாய்ப் பல்லுக்கு வேர் சிகிச்சை முடிஞ்சிருக்கு. மேலே கேப் போடணும்கிறாங்க. வெள்ளையா ஸிர்கோனியான்னு ஒண்ணு இருக்காம், அதுதான் உறுதியாம். ஆனா எங்க தெருவிலே ஒருத்தர் சொல்றார், அது கல்லு மாதிரி, எதிரே இருக்கிற நல்ல பல்லை அரைச்சுத் தின்னுடும்னு. நிஜமா ஐயா?" என்று கேட்டார்.

நான் உடனே பதில் சொல்லவில்லை. இறையியல் கல்லூரியில் எனக்கு எபிரெயமும் கிரேக்கமும் கற்றுக்கொடுத்தார்களேயன்றிப் பல்லைப்பற்றி ஒன்றும் கற்றுக்கொடுக்கவில்லை. தெரியாததைத் தெரிந்ததுபோலச் சொல்வது பிரசங்க பீடத்திலும் தவறு, ஆலய வாசலிலும் தவறு. ஆகவே, "விசாரித்துச் சொல்கிறேன் அம்மா" என்று சொல்லிவிட்டு, மறுநாள் நம் மருத்துவமனையின் பல் மருத்துவரிடம் போய்க் கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டே, "வாயால சொன்னாப் புரியாது ஐயா, லேபுக்கு வாங்க" என்று அழைத்தார். அன்றும், அதன்பின் சில மத்தியானங்களிலும் நான் கண்டதையும் கேட்டதையும் வாசித்ததையும்தான் இங்கே எழுதுகிறேன். எனக்கு இதில் சொந்த அக்கறையும் உண்டு. என் வாயிலேயே அப்படியொரு கேப் இருக்கிறது. அதன் கதையைப் பின்னால் சொல்லுகிறேன்.

முதலில் அந்தப் பொருளைப்பற்றி. கன்னியாகுமரி மாவட்டத்தில் மணவாளக்குறிச்சிக் கடற்கரையில் நடந்தவர்கள் அங்குள்ள கறுத்த மணலைப் பார்த்திருப்பீர்கள். இல்மனைட், மோனசைட், கார்னெட் முதலிய தாதுக்களோடு ஸிர்கான் என்னும் தாதுவும் அந்த மணலில் கலந்திருக்கிறது. மத்திய அரசு நிறுவனம் ஒன்று அங்கே ஆலை வைத்து அவற்றைப் பிரித்தெடுக்கிறது. ஸிர்கான் புதிதாகக் கண்டுபிடிக்கப்பட்ட கல்லன்று. ஆதிகாலமுதல் அதை இரத்தினமாக அணிந்திருக்கிறார்கள். வேதாகமத்தின் கடைசிப் புத்தகத்தில் பதினோராவது கல்லாக வரும் சுநீரம் இதுதான் என்று சொல்லுவோரும் உண்டு. வேறு கல் என்று சொல்லுவோரும் உண்டு. அதை நான் இங்கே தீர்க்கப்போவதில்லை. 1789-இல் ஜெர்மானிய வேதியியலாளர் கிளாப்ரோத் இலங்கையிலிருந்து வந்த ஸிர்கான் கல் ஒன்றைப் பகுத்து ஆராய்ந்து, அதற்குள் அதுவரை அறியப்படாத ஒரு பொருள் இருப்பதைக் கண்டார். அதில் அடங்கிய உலோகத்தின் பெயர் ஸிர்கோனியம். அந்த உலோகம் பிராணவாயுவோடு சேர்ந்து உண்டாகும் வெண்மையான பொருள்தான் ஸிர்கோனியா.

இந்த ஸிர்கோனியாவுக்கு ஒரு விநோத குணம் உண்டு. வெப்பத்துக்கு ஏற்றபடி அது மூன்று விதமான படிக அமைப்புகளை எடுக்கும். சாதாரண வெப்பத்தில் ஒன்று. சுமார் 1170 டிகிரி செல்சியஸுக்கு மேல் இரண்டாவது. 2370 டிகிரிக்கு மேல் மூன்றாவது. நம் பெண்கள் கம்மலிலும் மூக்குத்தியிலும் 'அமெரிக்கன் டைமண்ட்' என்று அணிகிறார்களே, அது அந்த மூன்றாவது வகையைச் சேர்ந்தது. பல் மருத்துவத்துக்கு முக்கியமானது இரண்டாவது வகை. ஆனால் தனி ஸிர்கோனியாவை உலையில் சுட்டு ஆறவிட்டால், இரண்டாவது அமைப்பிலிருந்து முதலாவதற்குத் திரும்பும்போது அதன் பருமன் நூற்றுக்கு நாலைந்து பங்கு கூடிவிடும். கெட்டியான பொருள் ஒன்று இப்படித் திடீரென்று பருத்தால் என்ன ஆகும்? உள்ளுக்குள்ளேயே வெடித்துப் பொடியாகிவிடும். இதைத் தடுக்கத்தான் இட்ரியா என்ற இன்னொரு பொருளைச் சிறிதளவு, நூறு மூலக்கூறுக்கு மூன்று என்ற கணக்கில், கலக்கிறார்கள். அப்போது ஆறிய பிறகும் அது இரண்டாவது அமைப்பிலேயே நிற்கும். நிற்கும் என்றாலும், திரும்பிப்போக ஒரு சாக்குக்காகக் காத்துக்கொண்டே நிற்கும்.

அந்தக் காத்திருப்புதான் அதன் பலம். மேலே ஓர் அடி பட்டு விரிசல் உள்ளே ஓடத் தொடங்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். விரிசலின் முனைக்கு அருகேயுள்ள துகள்கள் அந்த இழுவிசையைச் சாக்காகக்கொண்டு பழைய அமைப்புக்கு மாறிப் பருக்கின்றன; பருத்து, விரிசலை இருபுறமும் நெருக்கி மேலே போகவிடாமல் பிடித்துக்கொள்ளுகின்றன. வெயிலில் காய்ந்து பலகை விலகிய வள்ளத்தைக் கடலில் இறக்கினால், மரம் ஊறிப் பருத்துச் சந்துகள் தாமாகவே அடைபடுமே, ஏறக்குறைய அதுபோல. 1975-இல் ஆஸ்திரேலியாவில் பணியாற்றிய கார்வி, ஹானிங்க், பாஸ்கோ என்ற மூவர் இந்தக் குணத்தை விளக்கி எழுதியபோது, இதைப் பீங்கான் எஃகு என்று அழைக்கலாமா என்றே தலைப்பில் கேட்டார்கள். கேட்டதில் நியாயம் உண்டு. பழைய பல் பீங்கானை வளைத்து ஒடிக்க ஏறக்குறைய 100 மெகாபாஸ்கல் அழுத்தம் போதும். இந்த ஸிர்கோனியாவுக்கு 900 முதல் 1200 வரை வேண்டும்.

இனி லேபில் நான் கண்டது. ஸிர்கோனியா என்றால் உருக்கி வார்ப்பார்கள் என்று நினைத்திருந்தேன். அங்கேயோ ஒரு தொழிலாளி கரும்பலகைச் சுண்ணக்கட்டிபோல வெளுத்த ஒரு வட்டக்கட்டியை இயந்திரத்தில் மாட்டிக்கொண்டிருந்தார். பாதி சுட்ட நிலையிலுள்ள கட்டி அது. நகத்தால் கீறினால்கூடத் தடம் விழும். பல்லின் அளவைக் கம்ப்யூட்டரில் பதித்து, அதைவிட நூற்றுக்கு இருபது இருபத்தைந்து பங்கு பெரிதாகக் கடைந்தெடுக்கிறார்கள். பிறகு சுமார் 1500 டிகிரி உலையில் பலமணி நேரம் சுடும்போது அது சுருங்கிச் சரியான அளவுக்கு வந்துவிடுகிறது. வெளியே எடுத்ததும் என் உள்ளங்கையில் வைத்தார்கள். வடிவம் பல்தான், ஆனால் மங்கலாக, காய்ந்த எலும்புபோல இருந்தது. "ஆயிடுச்சா தம்பி?" என்று கேட்டேன். "இல்லீங்க ஐயா, இனிமேதான் வேலையே இருக்கு" என்றார் அவர்.

அவர் சொன்ன அந்த வேலைதான் ஆசிரியை அம்மாவின் கேள்விக்குப் பதில்.

ஒரு காலத்தில் நம் தெருக்களில் "அம்மி கொத்தலியோ அம்மி" என்று கூவிக்கொண்டு ஒருவர் வருவார். என் தாயார் அவரைக் கூப்பிட்டு உட்காரவைப்பார்கள். வருஷக்கணக்கில் மிளகாய் அரைத்து வழுவழுவென்று ஆகிப்போன அம்மியை அவர் சிற்றுளியால் டக்டக்கென்று கொத்திக் கொடுப்பார். கொத்துவதற்கு முன் அந்த அம்மியில் மஞ்சள் வழுக்கிக்கொண்டு ஓடும். கொத்தியபின் நாலே இழுப்பில் விழுதாகும். கல் அதே கல். அதன் கடினம் ஒரு துளியும் மாறவில்லை. மாறியது மேற்பரப்புதான். கடினமான பொருள் எதிரேயிருப்பதை அரைக்க வேண்டுமானால் அதற்குப் பல் வேண்டும். அரமும் கத்தியும் ஒரே எஃகுதான், ஆனால் மரத்தின்மேல் அரத்தின் முகத்தைத் தேய்ப்பதும் கத்தியின் பக்கத்தைத் தேய்ப்பதும் ஒன்றாகுமா?

தெருக்காரர் சொன்னதில் பாதி உண்மை இருக்கிறது. ஸிர்கோனியா நம் பல்லின் எனாமலைவிட மூன்று மடங்குக்கு மேல் கடினமானது. அதைக் கேட்டவுடன் எதிர்ப்பல் தேய்ந்துபோகும் என்று எண்ணுவது இயல்பு. பல் மருத்துவர்களே தொடக்கத்தில் அப்படித்தான் பயந்தார்கள். ஆகவே 2010-ஐ ஒட்டிய வருஷங்களில் பல நாடுகளில் மெல்லும் இயந்திரங்களை அமைத்து, ஸிர்கோனியாவுக்கு எதிரே மனிதப் பல்லின் எனாமலை வைத்து, இலட்சக்கணக்கான முறை கடிக்கவைத்துப் பார்த்தார்கள். முடிவு அநேகரை ஆச்சரியப்படுத்தியது. நன்றாக மெருகேற்றப்பட்ட ஸிர்கோனியா எதிர்ப்பல்லை மிகக் குறைவாகவே தேய்த்தது. அதைவிட மென்மையான பழைய பீங்கான்தான் அதிகமாகத் தேய்த்தது. காரணம் யோசித்தால் விளங்கும். பீங்கான் மெல்ல மெல்லச் சிதைந்து, மேற்பரப்பில் கூரான நுண்விளிம்புகள் வெளிப்பட்டுக்கொண்டே இருக்கும். அம்மி தன்னைத்தானே கொத்திக்கொள்வதுபோல. ஸிர்கோனியாவோ ஒருமுறை வழுவழுப்பாக்கப்பட்டால் அப்படியே வெகுநாள் நிற்கும். கரடாக விடப்பட்டாலும் அப்படியேதான் நிற்கும் என்பதை மறந்துவிடக்கூடாது. பீங்கானின் முரடு காலப்போக்கில் ஓரளவு மழுங்கும். இதன் முரடு எளிதில் மழுங்காது.

நேர்மையாக ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். இயந்திரம் வேறு, மனித வாய் வேறு. நோயாளிகளின் வாயிலேயே அளந்து பார்த்த சில ஆய்வுகளில், மெருகேற்றிய ஸிர்கோனியாவுக்கு எதிரேயுள்ள பல், இயற்கைப் பல்லுக்கு எதிரேயுள்ள பல்லைவிடச் சற்று அதிகம் தேய்ந்திருந்தது. இயற்கைப் பல்லும் தேயாமல் இருப்பதில்லை. பெல்ஜியத்தின் லூவென் பல்கலைக்கழகத்தார் 1989-இல் வெளியிட்ட அளவுகளின்படி கடைவாய்ப் பற்களின் எனாமல் வருஷத்துக்குச் சுமார் 29 மைக்ரான் தேய்கிறது. ஒரு தலைமயிரின் தடிமன் 50 முதல் 100 மைக்ரான் என்றால் கணக்கிட்டுக்கொள்ளலாம்.

அதே லூவென் ஆய்வாளர்கள் 1997-இல் இன்னொரு அளவைச் சொன்னார்கள். வாய்க்குள் வைக்கும் எந்தப் பொருளின் முரடும் சராசரி 0.2 மைக்ரானுக்கு மேல் போனால், அதில் கிருமிப்படலம் கூடுதலாக ஒட்டத் தொடங்கும். அதற்குக் கீழே எவ்வளவு மெருகேற்றினாலும் அந்த விஷயத்தில் பெரிய வித்தியாசமில்லை. கடிக்கும் பகுதிக்கு மட்டும் மெருகு போதும் என்று நினைப்பவர்களுக்கு இது பதில். ஈறோரத்தில் கேப் கரடாயிருந்தால் அங்கே அழுக்கு தங்கும், ஈறு வீங்கும், துலக்கும்போது இரத்தம் வரும்.

லேப் தொழிலாளி எப்படி மெருகேற்றினார் என்பதை நான் அரைமணி நேரம் நின்று பார்த்தேன். வைரத்தூள் பதித்த ரப்பர் சக்கரங்கள் அவரிடம் வரிசையாக இருந்தன. முதலில் கரடான சக்கரம், அது விட்ட கீறல்களை எடுக்க அடுத்தது, அந்தக் கீறல்களை எடுக்க அதைவிட நுண்மையானது, கடைசியில் பிரஷில் வைரப் பசை. நடுவில் ஒன்றைத் தாண்டிவிட்டால் என்ன என்று கேட்டேன். "பளபளப்பு வந்துடும் ஐயா. ஆனா கோடு உள்ளேயே இருக்கும்" என்றார். தச்சர்கள் உப்புத்தாளை எண் வாரியாகப் போடுவதை அறிந்தவர்களுக்கு இதில் புதுமை ஒன்றும் இல்லை. அழுத்தாமல், சூடேறாமல், விட்டுவிட்டுச் செய்ய வேண்டும். ரப்பர் சக்கரங்களும் சீக்கிரம் தேய்ந்துபோகும். உலை வாங்குவதற்கு உதவ அநேகர் முன்வருவார்கள், அதில் பெயர்ப்பலகை வைக்கலாம். ரப்பர் சக்கரத்தில் யார் பெயரை எழுதுவது?

மெருகேற்றுவதற்குப் பதிலாகச் சில இடங்களில் கிளேஸ் என்னும் கண்ணாடிப் பூச்சைப் பூசி மறுபடியும் உலையில் வைத்து எடுக்கிறார்கள். பார்க்க மிகவும் அழகாயிருக்கும். வேலையும் சீக்கிரம் முடியும். ஆனால் அது மெல்லிய கண்ணாடிப் படலம். மெல்லும் இடத்தில் சில மாதங்களிலேயே தேயத் தொடங்கும். அடியில் என்ன இருக்கிறது என்பது அப்போதுதான் வெளிப்படும். மெருகேற்றாத கரட்டின்மேல் பூசியிருந்தால் அந்தக் கரடு வெளியே வந்து எதிர்ப்பல்லை அரைக்கும். முதலில் மெருகேற்றி, அதன்மேல் பூசியிருந்தால் பூச்சுப் போனாலும் பாதகமில்லை. சுவரைச் சொரசொரப்பாக விட்டுவிட்டு வெள்ளையடிக்கிறவரை நாம் நல்ல கொத்தனார் என்று சொல்லமாட்டோமே.

லேபில் எல்லாம் ஒழுங்காக நடந்தாலும், கெடுதல் பெரும்பாலும் நிகழும் இடம் வேறு. அது மருத்துவரின் நாற்காலி. இங்கேதான் என் கதை வருகிறது.

ஐந்தாறு வருஷங்களுக்கு முன், வெளியூரில் ஒரு கூடுகைக்குப் போயிருந்தபோது, என் கீழ்க் கடைவாய்ப் பல் ஒன்று முறுக்குக் கடித்ததில் பிளந்துவிட்டது. உள்ளூர்ச் சகோதரர்கள் அழைத்துப்போன இடத்தில் வேர் சிகிச்சை செய்து, இரண்டாம் முறை போனபோது ஸிர்கோனியா கேப் பொருத்தினார்கள். பொருத்தியதும் நீலத் தாளைக் கொடுத்துக் கடிக்கச் சொன்னார் மருத்துவர். ஓரிடம் சற்று உயரமாயிருந்தது. கையிலிருந்த கருவியால் விர்ரென்று தேய்த்தார். மறுபடி கடி, மறுபடி தேய்ப்பு. கடி சரியாகிவிட்டது. "அவ்வளவுதான் சார், எழுந்திருங்க" என்றார். நாக்கால் தடவினேன், தேய்த்த இடம் பூனையின் நாக்குபோல இருந்தது. சொன்னேன். "புதுசு இல்லையா, பழகிடும்" என்றார். எனக்கும் பேருந்துக்கு நேரமாகிவிட்டது. பழகியும்விட்டது.

இரண்டு வருஷங்களுக்குப் பின் அந்தப் பக்கம் மேல்பல்லில் குளிர்ந்த தண்ணீர் பட்டால் சுரீர் என்றது. நம் மருத்துவர் கண்ணாடியைப் பிடித்துக் காட்டினார். பொத்தல் விழவில்லை, சொத்தையில்லை. மேல்பல்லின் ஒரு முகட்டில் எனாமல் குழிவாகத் தேய்ந்து, அடியிலிருக்கும் மஞ்சள் நிறப் பகுதி தெரிந்தது. கீழே அதற்கு நேர் எதிரே இருந்தது அந்தக் கருவி ஓடிய தடம். கேப்புக்கு ஒரு சேதமும் இல்லை. அறுபது வருஷம் உழைத்த என் சொந்தப் பல்தான் போயிற்று. எலும்பு உடைந்தால் கூடும், தோல் கிழிந்தால் மூடும். எனாமல் போனால் போனதுதான், அது மறுபடி வளராது.

அன்று மருத்துவர் எனக்குச் சொன்னதை உங்களுக்கும் சொல்லுகிறேன். வாயில் தேய்க்கப் பயன்படும் வைரக் கருவிகளின் கழுத்தில் ஒரு வண்ண வளையம் இருக்கும். பச்சை என்றால் கரடு, சிவப்பு நுண்மை, மஞ்சள் மிக நுண்மை. பல்லைச் செதுக்குவதற்கென்று வைத்திருக்கும் கரடான கருவியையே எடுத்துக் கேப்பையும் தேய்ப்பது, மெருகேற்றிய கிரானைட் தரையைச் சிற்றுளியால் கொத்துவதற்குச் சமம். உயரத்தைக் குறைக்கத்தான் வேண்டும். அதை நுண்ணிய வைரத்தால், தண்ணீர் தெளித்துக்கொண்டே, இலேசான கையால் குறைத்து, பின்பு லேபில் கண்ட அதே ரப்பர் சக்கரங்களின் வரிசையை வாய்க்குள்ளும் செய்து முடிக்க வேண்டும். என் கேப்பை அவர் அப்படி மெருகேற்றச் சுமார் இருபது நிமிஷம் ஆயிற்று. நம் நாக்கு மிக நுட்பமான கருவி; பிரிட்டனில் 2004-இல் வெளியான ஓர் ஆய்வின்படி, அரை மைக்ரானுக்கும் குறைந்த முரட்டு வித்தியாசத்தையும் அது கண்டுகொள்ளும். ஆகையால் நாக்கு சொரசொரக்கிறது என்று சொன்னால் அதைத் தட்டிவிடலாகாது.

கரடான தேய்ப்பினால் கேப்புக்கே வரும் ஆபத்தும் உண்டு. மேலே சொன்ன பருக்கும் குணம் இங்கே குறுக்கிடுகிறது. தேய்க்கும்போது மேற்பரப்பிலுள்ள துகள்கள் பழைய அமைப்புக்கு மாறிப் பருத்து, ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு ஓர் இறுகிய மேல்தோலை உண்டாக்குகின்றன. அந்த இறுக்கம் உண்மையில் பலம் சேர்க்கும். ஆனால் கரடான வைரம் விடும் விரிசல்கள் அந்த இறுகிய தோலைத் தாண்டி ஆழமாகப் போய்விட்டால், தோலின் பலத்தால் பயனில்லை. ஸ்லொவேனியாவின் லுப்லியானா நகரில் கோஸ்மாச்சும் அவர் குழுவினரும் 1999-இல் வெளியிட்ட ஆய்வில் இது தெளிவாகத் தெரிந்தது. வைரத்தால் அரைத்த துண்டுகளின் வலிமையும் நம்பகமும் குறைந்தன; நுண்மணலைக் காற்றழுத்தத்தில் வீசிய துண்டுகளின் வலிமையோ கூடியது. மணல் வீச்சின் காயம் ஆழமில்லை, நெருக்கம்மட்டும் மிஞ்சியது. மறுபடி உலையில் வைத்தால் துகள்கள் பழையபடி திரும்பி அந்த நெருக்கம் தளர்ந்துவிடும். விரிசல் மட்டும் விரிசலாகவே நிற்கும்.

மேற்பரப்பு கெட்டால் ஸிர்கோனியா எப்படி நிலைகுலையும் என்பதை எலும்பு மருத்துவர்கள் கசப்பாகக் கற்றார்கள். பல்லுக்கு வருவதற்கு முன்பே, 1980-களின் கடைசியிலிருந்து, இடுப்பு மூட்டுக்கு ஸிர்கோனியா உருண்டைகளை வைத்தார்கள். இந்தப் பொருள் ஈரத்தோடு வெப்பமும் சேர்ந்தால் மேற்பரப்பில் துகள் துகளாக மாறத் தொடங்கும். மாறிய துகள் மேலே எழும்பும், பக்கத்தில் நுண்விரிசல் விழும், அதன் வழியே ஈரம் இன்னும் உள்ளே போகும். ஆகவே 1990-களின் பிற்பாதியில் பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் அதிகாரிகள், இந்த உருண்டைகளை நீராவியில் மறுபடி கிருமிநீக்கம் செய்யாதீர்கள், மேற்பரப்பு கரடாகிவிடுகிறது என்று எச்சரித்தார்கள். பின்பு, சுடும் முறையில் ஒரு நிறுவனம் செய்த மாற்றத்தால் சில தொகுதிகள் பழுதாகி, 2001-ஐ ஒட்டிச் சுமார் 400 உருண்டைகள் நோயாளிகளின் உடலுக்குள்ளேயே உடைந்தன. பல் கேப்புகளில் அப்படிப்பட்ட பெரிய விபரீதம் நேரவில்லை. ஆனாலும் வாய் என்பது இரவும் பகலும் ஈரமான இடம்தானே.

இவ்வளவும் வெளிப்புறத்தைப்பற்றி. கேப்பின் உட்புறத்துக்கு வந்தால் சட்டம் தலைகீழாகிறது. பல்லோடு ஒட்டிக்கொள்ள வேண்டிய அந்தப் பக்கம் வழுவழுப்பாக இருந்தால் பசை பிடிக்காது. பழைய பீங்கானைக் கடுமையான அமிலத்தால் அரித்துக் கரடாக்குவார்கள். ஸிர்கோனியாவில் கண்ணாடிப் பகுதி இல்லாததால் அமிலம் அதை அரிப்பதில்லை. அங்கேதான் மணல் வீச்சு உதவுகிறது. அலுமினாத் துகள்களை மிதமான அழுத்தத்தில் வீசி, பாஸ்பேட் கலந்த விசேஷப் பசையால் ஒட்டினால் பிடிப்பு நிலைக்கும் என்று ஜெர்மனியின் கீல் நகரத்து ஆய்வாளர்கள் 1998-இல் காட்டினார்கள். இதில் ஒரு சிக்கல்: நம் எச்சிலிலும் பாஸ்பேட் உண்டு. கேப்பை வாயில் வைத்துப் பார்த்துவிட்டு அப்படியே ஒட்டினால், பசை பிடிக்க வேண்டிய இடத்தில் எச்சில் முந்திக்கொண்டிருக்கும். ஒட்டுவதற்குமுன் உட்புறத்தை மறுபடி சுத்திகரிக்க மருத்துவர் சில நிமிஷம் எடுத்துக்கொண்டால் பொறுமையாயிருங்கள்.

இப்போது முன்பற்களுக்கென்று ஒளி ஊடுருவும் புதிய ஸிர்கோனியா வந்திருக்கிறது. இட்ரியாவை அதிகம் சேர்த்து, அமெரிக்கன் டைமண்டின் அமைப்பை அதிகமாக்கியிருக்கிறார்கள். இயற்கைப் பல்போலவே தோற்றம். ஆனால் பருத்து விரிசலைப் பிடிக்கும் குணம் அதில் மிகவும் குறைவு; வலிமையும் பழைய வகையில் ஏறக்குறைய பாதிதான். ஆகையால் கரடான வைரத்தின் கீறலை அது இன்னும் குறைவாகவே பொறுக்கும். கனத்த மணல் வீச்சும் அதற்கு ஆகாது. ஸிர்கோனியா என்ற ஒரே பெயரில் இரண்டுவித குணமுள்ள பொருள்கள் விற்கப்படுகின்றன என்பது என் மனதுக்குச் சரியாகப் படவில்லை. எந்த வகை என்று கேட்டுக்கொள்வது நல்லது.

இதையெல்லாம் நான் ஆசிரியை அம்மாவிடம் திண்ணையில் உட்கார்ந்து சொன்னபோது அவர் ஒரு தாளை எடுத்துக் குறித்துக்கொண்டார். நாற்பது வருஷம் பாடக்குறிப்பு எழுதிய கை. நான் சொன்னதை மூன்று வரியாகச் சுருக்கி எனக்கே வாசித்துக் காட்டினார்: கேப்பை ஒட்டுவதற்குமுன் கடித்துப் பார்த்து உயரத்தைச் சரிசெய்து, முடிந்தால் லேபுக்கே திருப்பி அனுப்பி மெருகேற்றச் சொல்ல வேண்டும், ஒட்டியபின் தேய்த்தால் அங்கேயே மெருகேற்றாமல் நாற்காலியைவிட்டு எழும்பக்கூடாது, நாக்குக்குச் சொரசொரப்புத் தெரிந்தால் வெட்கப்படாமல் சொல்ல வேண்டும். "டாக்டர்கிட்ட இதைச் சொன்னா கோவிச்சுக்கமாட்டாங்களா ஐயா?" என்று கேட்டார். நல்ல மருத்துவர் கோபிக்கமாட்டார் என்றேன். பிறகு யோசித்து, என்னைப்போல பேருந்தைப் பிடிக்க ஓடாதிருங்கள் என்றும் சொன்னேன்.

என் மேல்பல்லை அடைத்துக் கொடுத்திருக்கிறார்கள். குளிர்ந்த தண்ணீர் இப்போது குடிக்க முடிகிறது. அம்மாவுக்கு வருகிற வியாழக்கிழமை கேப் பொருத்துகிறார்கள். பத்து மணிக்குத் தாளோடு வந்துவிடுவதாகச் சொல்லியிருக்கிறார். மெருகேற்றி முடியும்வரை வெளியே பெஞ்சில் நான் உட்கார்ந்திருப்பேன்.